கிராணியின் கோட்டும் என் அடையாளக் கார்டும்

1

போன திங்கட்கிழமை எங்கள் தோட்டத்துக் கேட்டைக் கழற்றிவிட்டார்கள். ஊரில் இருக்கிறவர்கள், கேட்டைக் கழற்றினால் என்ன, மாட்டினால் என்ன, இதையெல்லாம் ஒரு செய்தி என்று எழுத வந்துவிட்டாளா என்று கேட்பீர்கள். எங்களுக்கு அது பெரிய செய்தி. மலாக்காவில் எங்கள் பகுதியை 'வெள்ளை' என்று அறிவித்திருக்கிறார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிற கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் இந்தப் பக்கம் ஓய்ந்துவிட்டது, இனி ஊரடங்கு இல்லை, சோதனை இல்லை, அரிசிக்கு அளவு இல்லை என்று அர்த்தம். நாலு வருஷத்துக்கு மேலாக நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி நின்றது. அதன் வாசல் இப்போது பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாளியும் கத்தியுமாகப் ரப்பர்ப் பால்மரம் சீவப் புறப்பட்டோம். வாசலுக்கு வந்ததும் நாற்பது பெண்களும் வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வாளியைக் காலடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்! நானும் என் பங்குக்குத் சோதனை போடுகிற தகரக் கொட்டகை இருந்த இடத்தில் போய் நின்று, "அஞ்சலை, இடுப்பு" என்று ஆரம்பித்துவிட்டேன். கொட்டகையும் இல்லை, போலீசும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதலில் நின்ற அஞ்சலைதான் விழித்துக்கொண்டாள். "அடியே பவுனு, இன்னும் யாரைத் தடவப் போற? கேட்டே இல்ல லா!"

அப்புறம் என்ன, ஒரே சிரிப்பு. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது சிரிப்புத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பவுனு நான்தான். இந்த வாசலில் நாலு வருஷம் பெண்களைச் சோதனை போட்டவள். துறையூர் பக்கம் பிறந்தேன். பிறந்தபோது ஆண்பிள்ளை என்று வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்து முனியாண்டி என்று பேர் வைத்தார்கள். சர்க்கரை தின்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் பெண்தான். பவுனு என்ற பேர் நானே வைத்துக்கொண்டது. கழுத்தில்தான் குந்துமணிப் பொன் கிடையாது, பேரிலாவது இருக்கட்டுமே!

கேட்டைக் கழற்றிய அன்று மத்தியானமே அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம். அண்ணன் இந்தப் பத்திரிகையை வாசகசாலையில் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர். தனியாக ஒரு கடிதம் போட்டால் மடித்து உத்தரத்தில் செருகிவிடுவார். அச்சில் வந்ததை எந்த உத்தரத்தில் செருகுவார்?

2

ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் மாமரம், ஏரிக்கரை என்று உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. எனக்கு நன்றாக நினைவிருப்பது சந்தையும் அம்மாவின் உள்ளங்கையும்தான். சந்தைக்கு என்னைப் போன்றவர்கள் மூன்று பேர் கைதட்டிக்கொண்டு காசு கேட்டு வருவார்கள். அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் அம்மா என் கண்ணைப் பொத்திவிடுவாள். விரல் சந்து வழியாக நான் பார்ப்பேன். அதில் ஒருத்தி ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றுக்குத் தெரியாதா? அம்மா கையை இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.

அப்பா மூன்று முறை எனக்கு மொட்டை அடித்தார். மொட்டை அடித்தால் புத்தி மாறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முடிதான் ஒவ்வொரு முறையும் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்து இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். பதினாலு வயதில், "மலாயாவுல காடு வெட்டுனா தானா ஆம்பளையாயிடுவான்" என்று தாய்மாமனோடு கப்பலேற்றி அனுப்பினார்.

மாமா நல்ல மனுஷர். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. "மெதுவா நட, மண்டோர் பாக்குறான்" என்று சொல்வதோடு சரி. மண்டோர் என்றால் எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. ஜாசின் டவுனிலிருந்து ஆறு கல் தள்ளி இருக்கிற இந்தத் தோட்டத்தில் நான் பால் வெட்டப் பழகினேன். மரத்துக்கு நான் ஆணா பெண்ணா என்பதில் அக்கறை இல்லை. பட்டையைக் காயப்படுத்தாமல் சீவினால் பால் கொடுத்தது.

3

ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. முதல் லாரியில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை.

இரண்டாவது லாரி வந்த அன்று நான் காய்ச்சலாக லயத்தில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை பிள்ளை பெற்று எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போய், தன் சேலை ஒன்றை எடுத்துச் சுற்றி, நெற்றியில் பொட்டை அப்பி, குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "வாயத் தொறக்காத. நீ என் தங்கச்சி, பத்தியம் பாக்க வந்திருக்க" என்றாள். சிப்பாயும் மண்டோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு சிசு. போய்விட்டார்கள்.

அன்று லயத்துப் பெண்கள் என்னை ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ, இத்தனை வருஷம் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது. மடியில் கிடந்த பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. உயிர் போகிற பயத்துக்கு நடுவில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நான் சேலையை அவிழ்க்கவில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போனால், "சயாமுக்குப் பயந்து கட்டுன சேலைதானே, அதான் சயாம் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னடா?" என்பார்கள். "சயாமுக்காகக் கட்டியிருந்தாத்தானே சயாமோட அவுக்கறதுக்கு?" என்பேன். சிலர் கைதட்டிக் கேலி செய்வார்கள். நானும் திரும்பித் தட்டிக் காட்டி, "உன் தாளம் தப்புதுடா தம்பி" என்பேன். தினமும் இப்படி வாயாட முடியும் என்று நினைக்காதீர்கள். பல நாள் சுற்றுவழியில் போயிருக்கிறேன்.

அஞ்சலை ஒருநாள் மட்டும் கேட்டாள். "சேலையத் திருப்பித் தரப் போறியா, இல்ல வச்சுக்கிறியா?"

"வச்சுக்கிறேன்கா."

"அப்ப ஒழுங்காக் கட்டப் பழகு. கொசுவம் என்ன இப்படி வாழ மட்ட மாதிரி நிக்குது?"

அவ்வளவுதான் விசாரணை. எனக்கு இந்த உலகத்தில் நடந்த மிகச் சிறந்த விசாரணை அது.

4

பிறகு காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் பிறந்தது. எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்றார்கள். தோட்டத்து ஆபீஸ் முன்னால் படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் மேசை போட்டு எங்கள் பெரிய கிராணியார், அதாவது தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா, உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பேரேடு முழுவதும் அவர் கையெழுத்து. முப்பது வருஷத்தில் ஒரு அடித்தல், ஒரு திருத்தல் கிடையாது என்பார்கள். துரையே பேரேட்டைப் புரட்டிப் பார்த்துத் தோற்றுப் போனாராம். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்கு வருவார், வந்ததும் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டுவார். கூலி ஆட்களோடு அளவுக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் சேலையோடு போய் நின்றேன். "பேர்?" என்றார். "பவுனுங்க" என்றேன்.

"செக்ரோலில பவுனு எண்டு ஒருத்தரும் இல்லை. முனியாண்டி எண்டுதான் கிடக்கு. செக்ரோலில என்ன கிடக்கோ அதுதான் கார்டிலயும் வரும்." செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவேடு.

"ஐயா, லயத்துல எல்லாரும்..."

"லயத்தில என்னவும் சொல்லுவினம். சீலையோட படம் எடுக்கேலாது." சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டை கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. கடைசியில் நாற்காலியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, இதைப் போட்டுக்கொண்டு இரு. கெதியா." சீக்கிரம் என்கிறார்.

கூந்தலைப் பின்னால் முடிந்து காலருக்குள் செருகிக்கொண்டேன். கோட்டில் நாப்தலின் உருண்டை வாசம் அடித்தது. படம் பிடித்தார்கள், கட்டைவிரலை மையில் அழுத்தினார்கள். சில வாரம் கழித்துக் கார்டு வந்தது. முனியாண்டி. ஆண். யாரோ ஒரு சின்ன வக்கீல், கேஸ் தோற்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கார்டை அரிசிப்பானைக்கு அடியில் போட்டுவைத்தேன். கேட்கிறவர்கள் இல்லாதவரைக்கும் அதனால் தொல்லை இல்லை.

5

தொல்லை கேட்டோடு வந்தது. காட்டுக்காரர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று, லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு வெளியே எடுத்துப் போகக் கூடாது. காலையில் வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, அவர்களை ஸ்பெஷல் போலீஸ் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குத் தகரக் கொட்டகைக்குள் ஒரு வரிசை. அதற்கென்று டவுனிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து வைத்தார்கள்.

முதல் நாள் நான் அஞ்சலைக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் நின்றேன். வேறு எங்கே நிற்பேன்? டவுன்காரி என் கார்டை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது ஆம்பள கார்டு! இங்க என்னா வேல ஒனக்கு? அந்தப் பக்கம் போ!" என்று வாசல் அதிரக் கத்தினாள்.

ஆண்கள் வரிசைக்குப் போனேன். அங்கே நடந்ததை விரிவாக எழுதமாட்டேன். சிரித்தார்கள், ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். கை வைப்பதற்கு முன்னால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சீவின மரங்களில் பாதி மரத்தைக் காயப்படுத்திவிட்டேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பேரை நீக்கிவிடுவார்கள். பேர் போனால் லயத்து அறையும் போகும். அவசரகாலத்தில் தோட்டத்துப் பேரில்லாமல் ரோட்டில் திரிகிறவளைக் கண்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆண்கள் வரிசையில் இன்னொரு முறை போய் நிற்பதைவிடப் போய்விடுவது மேல் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்றாம் நாள் விடியும் முன்னால் துணிமணிகளை மூட்டையாகக் கட்டினேன். பேரை வெட்டிக்கொண்டு கடிதம் வாங்கிப் போகலாம் என்று பெரட்டுத் திடலுக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது.

அங்கே போனால் ஒருவரும் வேலைக்குக் கிளம்பவில்லை. நாற்பது பெண்களும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். துரை நிற்கிறார், பக்கத்தில் பெரிய கிராணியார் பேரேட்டோடு நிற்கிறார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் டவுன்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் குத்தி, "அரிசி கட்டியிருக்கா" என்று சேலையை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறாள். பெண்கள் போட்ட கூச்சலில் அவள் போலீஸ் லாரியிலேயே ஏறிப் போய்விட்டாள். இனி வரமாட்டாளாம். சோதனை போட ஆள் இல்லாமல் யாரையும் வெளியே விடவும் முடியாது. "உங்களில் நம்பிக்கையான பெண் ஒருத்தியை நீங்களே சொல்லுங்கள், கூடுதல் சம்பளம் தருகிறேன்" என்று துரை கேட்கிறார், கிராணியார் தமிழில் சொல்கிறார்.

அஞ்சலை எழுந்தாள். மூட்டையோடு நின்ற என்னைக் கைகாட்டினாள். "பவுனு பாக்கட்டும். அவ கைன்னா எங்களுக்குச் சம்மதம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் வரிசையில் நிற்கவே கூடாது என்று துரத்தப்பட்டவளிடம், அந்த வரிசை முழுவதையும் தொட்டுப் பார்க்கும் வேலையைக் கொடுக்கச் சொல்கிறாள்!

"ஒருத்திதான் சொல்றா. மத்தவங்க?" என்று மண்டோர் குறுக்கே புகுந்தார்.

குத்து வாங்கிய கர்ப்பிணி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். ஒன்று குறையாமல் நாற்பது கை. அந்தக் கைகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

துரை கிராணியாரிடம் ஏதோ கேட்டார். கிராணியார் என் பக்கம் கையை நீட்டினார். "கார்டு."

கொடுத்தேன். முனியாண்டி, ஆண், செக்ரோலும் அப்படித்தான். 'இது ஆண்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை முடிந்தது. அவர் கார்டில் இருந்த படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தன் உடம்பில் இருந்த கோட்டின் காலரை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். பிறகு துரையிடம் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொன்னார். துரை புருவத்தைத் தூக்கி, விழுந்து விழுந்து சிரித்து, அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"நாளைக்கு முதல் பஸ்சுக்கு வா. ஜாசினுக்குப் போகோணும்" என்று மட்டும் கிராணியார் என்னிடம் சொன்னார்.

6

பஸ்ஸில் எனக்கு அடுத்த ஆசனத்தில் உட்கார்ந்தார், அதுவே அதிசயம். மடியில் ஒரு கவர். அதற்குள் பதிவு ஆபீசுக்கு அவர் கைப்பட எழுதிய கடிதம்.

அவசரகாலத்தில் அடையாளக் கார்டு விஷயத்தில் பொய் சொன்னால் ஜெயில். வெளியூரில் பிறந்தவர் என்றால் கப்பலேற்றி அனுப்பியும் விடுவார்கள். அவருக்கு மனைவி, நாலு பிள்ளைகள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஐயா, எனக்காக நீங்க பொய் சொல்லி மாட்டிக்காதீங்க. நான் எங்கயாச்சும் போயி பொழச்சுக்கிறேன்."

அவருக்கு வந்ததே கோபம்! "நான் பொய் எழுதுவன் எண்டோ நினைக்கிறீர்? முப்பது வரியமாப் பேரேடு எழுதுறன், ஒரு பொய் எழுதினதில்லை. இது பிழை. பிழையைக் கண்டால் திருத்திறதுதான் கிராணியின்ர வேலை."

"என்ன பிழைங்க ஐயா? செக்ரோல்ல அப்படித்தானே இருந்துச்சு?"

கார்டை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "நேற்று இந்தப் படத்தை வடிவாப் பார்த்தனான். இதில ஆம்பிளை எண்டு சொல்ல இருக்கிறது என்ர கோட்டு மட்டும்தான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரப்பர் மரங்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன.

பதிவு ஆபீசில் ஒரு மலாய்க்கார அதிகாரி. கடிதத்தைப் படித்தார். "சலா?" என்று கேட்டார். பிழையா என்று அர்த்தம்.

கிராணியார் எழுந்து நின்றார். "சலா, துவான். சாயா பூஞா சலா." என்னுடைய பிழை ஐயா என்று, முப்பது வருஷத்தில் ஒரு அடித்தல் இல்லாத மனுஷர், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் சத்தமாகச் சொன்னார். காது மடல் சிவந்துவிட்டது. அப்படிச் சொல்வது அவருக்கு ஜெயிலைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரம்புவான்?" பெண்ணா என்கிறார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டர் கடிதம் வாங்கலாமா என்று யோசிப்பது போல் பேனாவை உருட்டினார். இந்தக் கேள்வியை என்னிடம்தானே கேட்கிறார், நான்தானே சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் சர்க்கார் என்னைப் பார்த்து இதைக் கேட்டதே இல்லை.

"பெரம்புவான், துவான்" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டது. ஆச்சரியம்தான்.

"பின்னால் ஏதாவது வந்தால் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று கிராணியார் மலாயில் சொல்லி, கடிதத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்தும் போட்டார். அதிகாரி என் கட்டைவிரலை அழுத்திப் பழைய ரேகையோடு ஒப்பிட்டார். அது அதே ரேகைதான். "சுடா லா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு முத்திரை குத்தினார். போதும், முடிந்தது என்று அர்த்தம்.

புதுப் படம் எடுக்க உட்கார்ந்தபோது பழக்கதோஷத்தில் கொண்டையைக் கழுத்துக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன். "மறைக்காதையும். நேர பாரும் பிள்ளை" என்றார் கிராணியார். யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெண்ணைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும், அவர் தன் மகள்களை அப்படிக் கூப்பிடுவதை ஆபீஸ் பக்கம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

துரையிடம் என்னதான் சொன்னீர்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "இந்தக் கார்டில நான் ஒரு பிழை விட்டிட்டன் எண்டனான். முப்பது வரியத்தில இண்டைக்குத்தான் நீ ஒரு மனுஷன் எண்டு தெரிஞ்சுது எண்டு சொல்லிச் சிரிக்கிறார் மனுஷன்." அதற்கு மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கடுப்பு இருந்தது.

போன வருஷம் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, "அந்தக் கோட்டைத் தந்துட்டுப் போங்க ஐயா, ஞாபகமா வச்சுக்கிறேன்" என்று கேட்டேன். "அது இன்னும் பத்து வரியத்துக்கு உழைக்கும்" என்று சொல்லிவிட்டார். கஞ்சர்! எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் யாராவது இதைப் படித்து, வெயிலில் கறுப்புக் கோட்டோடு போகிற ஒரு பெரியவரைக் கண்டால், பவுனு கும்பிடுகிறாள் என்று சொல்லுங்கள்.

7

சோதனை வேலையில் நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் பேர், பிறகு இடம், பிறகுதான் கை. "அஞ்சலை, இடுப்பு." "மாரியம்மா, முந்தானை." சொல்லாமல் யார் மேலும் கை வைத்ததில்லை. இரண்டு விநாடி கூட ஆகும், ஆகட்டும். போலீஸ்காரர்கள் அவசரப்படுத்தினால், "உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா அவசரப்படுவீங்களா?" என்பேன்.

எல்லோரையும் பார்த்து முடித்ததும் நானும் பால் வெட்டப் போக வேண்டுமே, என்னை யார் சோதிப்பது? அஞ்சலைதான். முதல் நாள் அவள் என் முன்னால் வந்து நின்று, என் முறையையே எனக்குச் சொன்னாள். "பவுனு, இடுப்பு." கையைத் தூக்கினேன். வேலிக்குள் கிடந்த அந்த வருஷங்களில் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த காலம் அது. நான் பெண்கள் வரிசையில் நின்ற காலமும் அதுதான்.

அன்று என் மடியில் கிடந்த சிசு, அஞ்சலை மகள் சரசு, இப்போது ஜாசினில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். என்னை அத்தை என்பாள். லயத்தில் எல்லோருக்கும் ஊர்க் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். அவளுக்கோ தமிழ் எழுத்து இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. "தமிழ் ரொம்ப சுசா லா அத்தே, இத்தன சுழியா போடுவாங்க?" என்கிறாள். சுசா என்றால் கஷ்டம். நான் எழுதும் இதை அவளால் படிக்க முடியாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அண்ணன் கடிதத்தை வாங்கி வந்தவளும் அவள்தான். உறையின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினாள். "மு-னி-யாண்-டி. ஆபீஸ்ல இப்படி ஒரு ஆளே இல்லன்னு திருப்பி அனுப்பப் பார்த்தாங்க, எங்கம்மாதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. யாரு அத்தே இது?"

"எனக்குத் தெரிஞ்சவன்தான். ரொம்ப நாளைக்கு முன்னால இருந்தான்."

"நல்லவரா?"

"பாவம், நல்லவன்தான். பேசவே மாட்டான்."

அண்ணா, இனி உங்களுக்கு. உங்கள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த பக்கத்தில், முடியை வெட்டி, வேட்டி சட்டையோடு தம்பியாக வந்து சேர், சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிய வைக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் அடுத்த பக்கத்தில், நமக்குக் கூடப்பிறந்த பெண் ஒருத்தி இல்லாமல் போய்விட்டாளே, அத்தை முறைக்குச் சீர்த்தட்டுத் தூக்கப் பங்காளி வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அழுதிருக்கிறீர்கள். ஒரே பேனாவால்தான் இரண்டையும் எழுதினீர்களா?

தம்பியாக வர எனக்கு இஷ்டமில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வழியும் இல்லை. கப்பலேறப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு அடையாளக் கார்டு வேண்டும். என் கார்டில் பவுனு, பெண் என்று சர்க்கார் முத்திரையோடு இருக்கிறது. செக்ரோலில் முனியாண்டி என்ற பேரைக் கிராணியார் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவர் ஆயுளில் போட்ட ஒரே அடித்தல் அது. உங்கள் தம்பிக்கு இந்த உலகத்தில் ஒரு காகிதமும் கிடையாது.

ஆகவே யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சீர்த்தட்டை நான் தூக்குகிறேன். சேலை எடுத்துவிட்டேன், மாம்பழ நிறம், கொசுவம் ஒழுங்காக நிற்கிறதா என்று அஞ்சலை பார்த்துவிட்டாள். சித்திரைக் கடைசியில் கப்பல். நாகப்பட்டினத்துக்கு நீங்களே வாருங்கள், ஆள் அனுப்பாதீர்கள். வந்தால் ஆண்கள் இறங்குகிற பக்கம் நின்று தேடிக்கொண்டிருக்காதீர்கள் அண்ணா. நான் பெண்கள் வரிசையில் நிற்பேன்.